ஐந்தாம் பெட்டிக்கான துப்பு

திருகோணமலை,
05.02.2024

என் அன்பின் ஸல்ஹா,

நான் சுகம். நீயும் முழங்காலுக்கு எண்ணெய் பூசி, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தை மூதூர் பஸ் கொண்டக்டர் அன்ஸார் கொண்டுவந்து தந்தான். தொலைபேசியில் கதைத்தால் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்குத் தொண்டை நோகிறது. கடிதம்தான் நல்லது. எழுதும்போது நீ குறுக்கே கதைக்க ஏலாது.

விஷயத்துக்கு வருகிறேன். சிவாஜினி ரீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துநான்காம் திகதி சனிக்கிழமை களப்புப் பூங்காவுக்கு வருகிறார்கள். பறவைப் பாதையில் ஆறு பெட்டிகளை ஒளித்துத் துப்பும் எழுதித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தது நாம். முதல் மூன்றும் நான், மற்ற மூன்றும் நீ. ஒளித்த இடத்தை ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. மற்றவள் துப்பை மட்டும் வைத்துத் தேடி எடுத்தால்தான் அது பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகும் என்றதும் நீதான்.

என்னுடைய மூன்றையும் கண்டுபிடித்து, பெட்டிக்குள் இருந்த றப்பர் பறவை முத்திரைகளைத் தாளில் குத்தி அனுப்பியிருக்கிறாய். நீர்க்காகம் தலைகீழாக நிற்கிறது. போகட்டும்.

உன்னுடையவற்றை நான் நேற்றுத் தேடினேன். நான்காவது கிடைத்தது, ஆறாவதும் கிடைத்தது. ஐந்தாவது கிடைக்கவில்லை. ‘வளைவு தாண்டியதும் கல்வாங்கில் களப்பைப் பார்த்து உட்கார். மீன்கொத்தி காத்திருக்கும் மருதமரம் இடக்கைப் பக்கம். அதன் வேர்ப் பொந்தில் பார்’ என்று எழுதியிருக்கிறாய். அங்கே கல்வாங்கும் இல்லை, மருதமரமும் இல்லை. கண்டல்மரங்களும், முதலை கவனம் என்ற பலகையும்தான் இருக்கின்றன. வேறு வளைவை நினைத்து எழுதினாயா? திருத்தி அனுப்பு. அந்தப் பக்கம் தனியாகவா போனாய்? அதையும் எழுது.

உன்,
யோகராணி பாக்கியரத்தினம்


மூதூர்,
09.02.2024

அன்புள்ள ராணி,

உன் சுகத்துக்கு எப்போதும் போல துஆச் செய்கிறேன்.

கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் மதர் நம்மைப் படுத்திய பாடு போதாதென்று, இந்த வயதில் நீ சிவப்பு மையோடு வந்து நிற்கிறாய். நீர்க்காகம் தலைகீழாக நின்றால் என்ன, மீனைக் கண்டால் அது அப்படித்தானே பாயும்!

துப்பு சரி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை போய்ப் பார். நாம் எத்தனை பின்னேரம் அந்த வாங்கில் இருந்து பாலப்பழம் தின்றோம், உனக்கு மறந்துவிட்டதா?

இன்னொன்று. அஸாம் உனக்குத் தொலைபேசி எடுப்பான். போன மாதம் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டேன். அது கருகியதை யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெஹிவளையில் தன்னோடு வந்து இரு என்று நிற்கிறான். அங்கே நாலாம் மாடியில் இருந்தால் எனக்குப் பார்க்கக் காகம் மட்டும்தான் கிடைக்கும். உம்மா நன்றாக இருக்கிறா என்று நீ ஒரு வார்த்தை சொல். நீ பொய் சொல்லாதவள் என்று அவனுக்குத் தெரியும்.

உன்,
ஸல்ஹா


திருகோணமலை,
14.02.2024

என் அன்பின் ஸல்ஹா,

உன் சொல்லுக்காக மீண்டும் போய் வந்தேன். கண்ணாடியையும் துடைத்தேன். கிடைக்கவில்லை.

அஸாம் எடுத்தான். “அன்ரி, உம்மா தனிய இருக்க ஏலுமா? வேற ஆரைக் கேட்டாலும் என்னைச் சமாளிக்கிறாங்க. நீங்க சொன்னா நம்புறன்” என்றான். “இன்னும் கொஞ்ச நாள் பொறு தம்பி, நான் பார்த்திட்டுச் சொல்லுறன்” என்றேன். எதைப் பார்க்கப்போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஸல்ஹா, குறுக்கே கதைக்காமல் பதில் எழுது. அந்தப் பெட்டியை எந்த நேரத்தில் வைத்தாய்? யார் கூட வந்தார்கள்? போனவள் நேரே வீட்டுக்குத் திரும்பினாயா? கடைசியாக அந்த வாங்கில் நீ எப்போது இருந்தாய்? யோசித்து எழுது. படுக்குமுன் காஸை மூடு. நான் சொல்கிறேன் என்று கோபிக்காதே.

உன்,
யோகராணி


திருகோணமலை,
19.02.2024

ஸல்ஹா,

பதில் இல்லை. இன்று பஸ் நிலையத்துக்கே போய் அன்ஸாரைப் பிடித்தேன். “அவ வாசல்லதான் நிண்டவ. கடிதம் இரிக்கா எண்டு கேட்டன். இல்லையெண்டு உள்ளுக்குப் போயிட்டா” என்றான். நீ சுகமாக இருக்கிறாய் என்று நிம்மதி வந்தது. என்னோடு கதைக்க விரும்பவில்லை என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

போன கடிதத்தில் நான் ஒன்றை மறைத்தேன். இரண்டாம் முறை போனபோது பூங்காவைக் காக்கும் வோச்சர் சஜீத்தைக் கேட்டேன். “ஓம் அம்மா, வாங்கொண்டு இருந்ததுதான். சுனாமியோட போயிற்றுது. மரமும் அண்டைக்கேதான். இப்ப போய்த் தேடுறீங்களே!” என்று சிரித்தான். அவன் சிரிக்கும்போதுதான் எனக்கும் அந்த வாங்கு நினைவுக்கு வந்தது. பாலப்பழக் கறை பட்ட வாங்கு.

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்யப் பார்த்தேன். கடையில் இறுக்கமான மூடியுள்ள பெட்டி ஒன்று வாங்கினேன். அழிறப்பரில் மீன்கொத்தி ஒன்று செதுக்கினேன். நீ செதுக்கும் பறவைகளுக்கு அலகு கோணலாக இருக்கும். நானும் அலகைக் கோணலாகவே வெட்டினேன். நேற்று வளைவுக்குப் போய் ஒரு கண்டல் வேருக்குள் அதைச் சொருகினேன். ‘கிடைத்தது, உன் துப்பில் பிழையில்லை’ என்று உனக்கு எழுதுவதாக நினைப்பு. அஸாமுக்கும் அதையே சொல்லிவிடலாம்.

பாதையில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டேன். இனி உனக்கு எழுதும் கடிதமெல்லாம் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று பட்டது. திரும்பிப்போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சேலை முழுக்கச் சேறு.

அங்கே வாங்கு இல்லை, ஸல்ஹா. இருபது வருஷமாக இல்லை. நீ பெட்டியை எங்கேயோ வைத்துவிட்டு, துப்பை அந்த வாங்குக்கு எழுதியிருக்கிறாய்.

அஸாமுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லாமல் அவனுக்குச் சொல்லக்கூடாது. இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன். கோபம் என்றால் கோபத்தோடு எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

யோகராணி


மூதூர்,
21.02.2024

என் ராணிக்கு,

நீ கேட்டவற்றுக்கெல்லாம் பதில் எழுத என்னால் ஏலாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

உன் முதல் கடிதம் கிடைத்த மறுநாளே நான் பூங்காவுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன், திட்டாதே. வளைவில் நின்று வாங்கைத் தேடினேன். சஜீத் பார்த்துக்கொண்டே நின்றான். கேட்க வெட்கமாக இருந்தது. நாலாவதையும் ஆறாவதையும் வைத்தது கையில் இருக்கிறது போல நினைவிருக்கிறது. ஐந்தாவதை வைத்தனான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கே என்று யோசித்தால் அந்த வாங்குதான் வருகிறது. வீட்டுக்கு வந்து, துப்பு சரி என்று உனக்கு எழுதினேன். கோபத்தில் எழுதியது என்று நினைத்திருப்பாய். பயத்தில் எழுதியது.

அதற்குப் பிறகு உன் கடிதம் ஒவ்வொன்றையும் பிரிக்கும்போதும், கிடைத்தது என்று நீ எழுதிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். நீயும் அப்படி எழுதிவிட்டால், எது இருக்கிறது, எது இல்லை என்று நான் பிறகு யாரிடம் போய்க் கேட்பேன்? திங்கட்கிழமைக் கடிதத்தைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் படித்தேன். படித்து முடித்து ஒரு தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். காஸையும் மூடினேன்.

அஸாமுக்கு நானே எடுத்தேன். அழுதுகொண்டு சத்தம் போட்டான், அதனால் எல்லாம் கேட்டது. நோன்புக்கு முன் வந்து டொக்டரிடம் கூட்டிப்போவானாம். தெஹிவளையா, மூதூரா என்பது அதற்குப் பிறகு. “யோகராணி அன்ரியும் இருக்கோணும்” என்றேன். “அவ இல்லாம நான் கதைக்கவே மாட்டன் உம்மா” என்றான். ஆகவே நீ வரவேண்டும். வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று என்னைப் பங்கு போடாதீர்கள்.

சனிக்கிழமை பிள்ளைகளை ஐந்தாவதுக்காக அந்த வளைவுக்கு விடவேண்டாம். உன் பெட்டியை எறியாதே. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் சேறில்லாத நல்ல இடமாகப் பார்த்து வை. துப்பை நீயே எழுது. இடத்தை எனக்குச் சொல்லாதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அன்ஸாரின் பஸ்ஸில் வந்து இறங்குவேன். பூங்கா வாசலில் துப்பை என் கையில் தந்துவிட்டு, நீ பின்னால் வா. ஒன்றும் பேசாமல் வா. உன்னால் ஏலுமோ தெரியாது.

கிடைத்தால் முத்திரையை நேராகக் குத்துவேன். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொல்வேன்.

உன்,
ஸல்ஹா