நன்றி சொன்ன பிறகும் இருந்தது

டிச. 3, 1974, செவ்வாய்
காலையில் பனி மூட்டம். சாந்தோம் கரையில் கட்டுமரம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் அதட்டும் சத்தம் மட்டும். திங்கள் முதல் அரையாண்டுத் தேர்வு. அரைகுறையாகப் படித்தவளுக்குப் பொருத்தமான பெயர்.

கதவுக்குப் பின்னால் நின்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் குரலில் "சைலன்ஸ்!" என்று ஒரு போடு. வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. எனக்குப் பின்னால் அசல் சிஸ்டர். இம்போசிஷன்.

மாலை அம்மா கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பயமுறுத்தலாமென்று பின்னாலிருந்து பாய்ந்து கட்டிப் பிடித்தேன். கை பட்ட இடத்தில், இடது மார்பு ஓரத்தில், கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று. அம்மா கத்தவில்லை, திட்டவில்லை. மாவுக் கையால் என் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. போய்ப் படி."

கல்கல் சுருட்டினோம். கலகலப்பு இல்லை.

டிச. 4, புதன்
வரலாறு படிக்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு வரலாறுதான் ஓடுகிறது.

ஜூனில் அம்மா அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அப்பா பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார். மார்புக்கு எக்ஸ்ரே. "படத்தில ஒண்ணும் தெரியல" என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம். அம்மாவிடம் இல்லை. அப்பாவுக்கு அது போதும். அடுத்த ஞாயிறே நன்றிப் பூசை. "ஸ்டெல்லா டீச்சருக்குச் சுகம் தந்த மாதாவுக்கு நன்றியாக" என்று சாமியார் வாசித்தார். வெளியே வந்ததும் எல்லோரும் அம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா கேக் கொடுத்தார். நான் மூன்று தின்றேன்.

இன்று அம்மா துணி மடிக்கும்போது கேட்டேன்.

"அது அப்பவே இருந்ததா?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நன்றி சொல்லியாச்சேடி. கோயில்ல பேர் வாசிச்சாச்சு. இன்னும் இருக்குன்னு போய் நின்னா, மாதா குடுத்ததைத் திருப்பிக் குடுத்த மாதிரி ஆகாதா? உங்கப்பா முகத்தைப் பாத்தேல்ல அன்னிக்கு?"

"இப்ப பெரிசாயிருக்கா?"

அப்பாவின் சட்டையை மூன்றாவது முறை மடித்தாள்.

எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருப்பவள் நான். மீதித் துணியை மடித்து வைத்தேன்.

டிச. 5, வியாழன்
தூறல். மந்தைவெளி மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போன் கேட்டேன்.

"ஏட்டி, இன்னைக்கு யாரு தொண்டை?"

"கன்னியாஸ்திரி தொண்டை, அண்ணாச்சி."

டாக்டரின் கிளினிக்குக்குப் போட்டேன். "எங்கள் ஆசிரியை ஸ்டெல்லா சனிக்கிழமை வருகிறார். தயவுசெய்து நேரம் ஒதுக்குங்கள்." மறுமுனை "எஸ் சிஸ்டர், எஸ் சிஸ்டர்" என்றது. அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் காசை வைத்துவிட்டு ஓடினேன்.

அம்மாவிடம் சொன்னேன். முதுகில் ஒன்று விழும் என்று தயாராக இருந்தேன். விழவில்லை.

"அப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாம் ரோசி. அவர் வந்தா டாக்டர் அவர்கிட்டதான் பேசுவாரு."

டிச. 7, சனி
கிளினிக். வாசலில் அட்டெண்டர்: "இன்னாம்மா, வூட்டுக்காரர் வரலியா? ஆம்பள இல்லாம டாக்டர் யார்கிட்ட சொல்லுவாரு?"

அம்மா: "கட்டி எனக்குத்தானேப்பா வந்திருக்கு."

வீட்டில் வாயாடி நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டாக்டர் ஜூன் படத்தை எடுத்து விளக்கில் பிடித்தார். "அதான் பாத்தாச்சே. ஒண்ணும் தெரியல."

"எனக்குக் காட்டுங்க டாக்டர்."

இதுவரை அவள் அதைப் பார்த்ததே இல்லை. முழுக்க வெள்ளை.

"ஏன் இப்படி வெள்ளையா இருக்கு?"

"சிலருக்கு உள் சதை அடர்த்தியா இருக்கும். படத்தில வெள்ளையாத்தான் விழும்."

"கட்டி இருந்தா எப்படி விழும்?"

"அதுவும் வெள்ளையா..." டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"பனியில கட்டுமரம் மாதிரி," என்றேன். வாய் சும்மா இருக்காது. டாக்டர் முறைத்தார். அம்மா என் முழங்காலை அழுத்திவிட்டு, வகுப்பில் பேசும் குரலில் சொன்னாள்:

"இந்தப் படத்தை வெச்சு இல்லன்னு சொல்ல முடியாது, அப்படித்தானே? என் கைக்குத் தெரியுது. கொஞ்சம் வெட்டி எடுத்துப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கு நாள் குறிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். நாள்: வியாழன்.

பஸ்ஸில் அம்மா: "அக்குள்ல ரொம்ப நேரம் பாத்தாருடி."

டிச. 12, வியாழன்
தேர்வு: பூகோளம். மோசம். அம்மாவுக்குச் சின்ன வெட்டு, துண்டு சோதனைக்குப் போயிருக்கிறது.

அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர், சணல் கையிலேயே இருக்க, "பூசை வெச்சோமே ஸ்டெல்லா" என்றார். நட்சத்திரம் மூன்று முனையோடு நிற்கிறது.

டிச. 18, புதன்
புற்றுநோய். அக்குளிலும் இறங்கிவிட்டது.

அப்பா கோயிலுக்குப் போனார். உள்ளே போகவில்லையாம். சைக்கிளைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றுவிட்டு வந்தாராம்.

வாங்க வேண்டியவை: ஃபிளாஸ்க், முன்பக்கம் திறக்கும் ரவிக்கை (தைக்க), ஹார்லிக்ஸ். கல்கல் டப்பாவில் அப்படியே இருக்கிறது.

டிச. 27, வெள்ளி
ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். கிறிஸ்துமஸ் வார்டில்தான். இடது பக்கம் தட்டை. நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள். பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் குப்பத்து மீன்காரம்மா. அவரும் கட்டிக்குத்தான் வந்திருக்கிறார். "படம் புட்ச்சாங்க டீச்சர். ஒண்ணியும் இல்லியாம், வூட்டுக்குப் போவச் சொல்றாங்க." அம்மா படுத்தபடியே: "போகாதீங்க. படத்தில தெரியலன்னா வேற எதுல தெரியும்னு கேளுங்க. திட்டுவாங்க. திட்டட்டும், மறுபடி கேளுங்க."

மீன்காரம்மா போகவில்லை.

ஜன. 11, 1975, சனி
வெயில். டாக்டர் அப்பாவை வார்டு வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். ஈரலிலும் இருக்கிறதாம். தூணுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "நீ சீக்கிரம் தேறிடுவியாம் ஸ்டெல்லா." அம்மா தலையை ஆட்டினாள். இந்த முறை டாக்டரைக் கூப்பிடச் சொல்லவில்லை.

அப்பா காபி வாங்கப் போனார்.

"ரோசி, யார் மாதிரியாவது பேசிக் காட்டு."

சிஸ்டர் குரலில் "சைலன்ஸ்!" என்றேன். தையல் இழுக்க, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டாக்டர் மாதிரி?"

தொண்டையைக் கனைத்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் இறக்கி: "படத்தில ஒண்ணும் தெரியலம்மா. நீங்க தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.