ஒயர் மாட்டாத டிரம்

இன்று காலை களம் முழுக்கக் கிடா நாற்றம். நம்மிடம் ஆடு கிடையாது, அக்கம்பக்கத்திலும் யாரும் கட்டியிருக்கவில்லை. மோட்டார் ரூமில் இருந்த இரண்டு நீல டிரம்களையும் கல்லூரிக்காரர்கள் கழுவி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கழுவிய தண்ணீர் ஓடிய வழியெல்லாம் அந்த வாசம். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீங்களாக இருந்தால் பொத்தியிருக்க மாட்டீர்கள். "வாசம் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம் புள்ள" என்று நன்றாக இழுத்து மூச்சு விட்டிருப்பீர்கள்.

உங்களுக்கு எல்லாரையும் பிடித்துவிடும். எனக்கு லேசில் யாரையும் பிடிக்காது. கூலிக்குத் தேங்காய் உடைத்த வீடுகளில் பிறந்து, வெள்ளகோவில் பக்கத்தில் இந்தக் கொப்பரைக் களத்தைக் குத்தகைக்கு எடுக்கிற அளவுக்கு வந்தவர்கள் நாம். நடுவில் ஈமுக் கோழி வளர்க்கச் சொல்லி ஒருத்தன் வந்தான். டை கட்டியிருந்தான், நம் வீட்டில் இரண்டு டம்ளர் மோர் குடித்தான். "பாத்தா நல்ல பையனாட்டத் தெரியுது" என்றீர்கள். பிறகு அவன் ஆபீசில் பூட்டுத் தொங்குவதை எதிர்க் கடைக்காரர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம். தீனிக்கு வழியில்லாமல் அந்தக் கோழிகள் நம்மையே பார்த்துக்கொண்டு நின்றன. அன்றிலிருந்து ஊரில் உங்களுக்கு ஏமாளி என்று பெயர்.

அதனால்தான் ஸ்டெல்லா வந்த அன்று நான் மோர் கொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண் என்றீர்கள். உடுமலை லோடு வந்து தேங்காய் உடைத்தால் ஓடுகிற தண்ணீர் இருக்கிறதே, வாய்க்காலில் தேங்கிப் புளித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்மிடம் தினமும் சண்டைக்கு வருவாரே, அந்தத் தண்ணீர்தான் அவளுக்கு வேண்டுமாம். சும்மா கொட்டுகிற தண்ணீரைக் கேட்டு ஒருத்தி காரில் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். "தேங்காத் தண்ணியில இருக்கற சர்க்கரைய நுண்ணுயிர் தின்னு புளிக்க வெக்குதுங்க்கா. அதுல ரெண்டு கரித்தகடு எறக்கிக் கொஞ்சமா கரண்ட் குடுத்தா, அந்தப் புளிப்ப வேற ஒரு அமிலமா மாத்துதுங்க. கிடா வாசம் அடிக்கும். அதை வெச்சுத்தான் அன்னாசி எசன்ஸ் பண்றாங்க."

"கெடா நாத்தத்துல இருந்து அன்னாசிங்களா?" என்று நான் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈமுக்காரனும் எண்ணெய், தோல், இறகு என்று இப்படித்தான் அடுக்கினான்.

நீங்கள் சரி என்றதும் மோட்டார் ரூமில் இரண்டு டிரம் வைத்துத் தேங்காய்த் தண்ணீரை நிரப்பி, நுண்ணுயிருக்கு விதை என்று சாண எரிவாயுக் குழியிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றினாள். நான் களத்தில் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஒரு கண்ணை மோட்டார் ரூம் மேல்தான் வைத்திருந்தேன். ஒருநாள் வெள்ளை டப்பாவிலிருந்து எதையோ கொட்டினாள். அமிலத்தை இவளே கொண்டுவந்து கலக்குகிறாள், பிறகு டிரம்மில் வந்தது என்று காட்டுவாள் என்று முடிவு கட்டினேன். நீங்கள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சோடா உப்பு புள்ள" என்றீர்கள். புளிப்பு ஏறினால் நுண்ணுயிர் வேலை செய்யாதாம், அதற்காகவாம். கண்டதையும் நாக்கில் வைக்கிற உங்களை அன்று எத்தனை திட்டினேன்.

ஆனால் ஒயரைக் கண்டுபிடித்தது நான்தான். ஒரு டிரம்மில் கரித்தகட்டிலிருந்து வந்த ஒயர் கரண்ட் பெட்டிக்குப் போகவே இல்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதே தண்ணீர், அதே சாணக் கரைசல், அதே தகடு, கரண்ட் மட்டும் கிடையாது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்கிட்ட ஏஞ் சொல்ற? அந்த அம்மணிகிட்டயே கேட்டுப்போடு."

கேட்டேன். ஸ்டெல்லா முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன், மாறவில்லை. "அது எங்க பொய்யக் கண்டுபுடிக்கறதுக்குங்க்கா. கரண்ட் இல்லாமயே அதே அளவு அமிலம் வந்துபோட்டா, கரண்ட்டாலதான் வந்துச்சுன்னு நாங்க சொல்றது பொய்தானுங்க. எங்களையே நாங்க நம்பக் கூடாதுங்க்கா."

தன்னையே சந்தேகப்படுவதற்கு ஒருத்தி தனியாக ஒரு டிரம் வைப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. உங்களுக்கு அது பரம சந்தோஷம். "உனக்கு ஏத்த ஆளு கெடச்சுதா?" என்று அன்று முழுக்க என்னைக் கிண்டல் செய்தீர்கள். இதுவும் முன்பே தயார் செய்து வைத்த பதிலாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு ஓரத்தில் இருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை.

முடிவு தெரிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழவில்லை. காரியத்துக்கு ஸ்டெல்லாவும் வந்தாள். டிரம்மைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று அந்த அழுகையிலும் கணக்குப் போட்டேன். அவள் மோட்டார் ரூம் பக்கமே திரும்பவில்லை. பெண்களோடு பெண்ணாக என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு என் மனதில் ஒரே கேள்விதான். டிரம்மில் என்ன வருகிறது என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. இந்தத் தடவையும் உங்களை ஏமாற்றிவிட்டார்களா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

போன வாரம் ஸ்டெல்லா தனியாக வந்தாள். நின்றுகொண்டே சொன்னாள். "கரண்ட் குடுத்த டிரம்முல அமிலம் அதிகமாத்தானுங்க வந்துச்சு. நாங்க சொன்னது நெசம். ஆனா அதைத் தண்ணியிலிருந்து பிரிக்கற செலவு, விக்கற வெலையத் தாண்டிப் போகுதுங்க்கா. களத்துல வெச்சு நடத்தக் கட்டுப்படியாகாது. போன்ல சொல்ல மனசு வரலீங்க. அண்ணன் இருந்திருந்தா அவருகிட்ட நேர்லதான் சொல்லியிருப்பேன்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் எதையாவது பிடிக்கலாம் என்று. ஒன்றும் அகப்படவில்லை. கண் கலங்கியிருந்தாள். தோற்றுப்போனதைச் சொல்வதற்கென்று நம் வாசலுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. நான் உள்ளே போய் மோர் எடுத்துவந்தேன்.

இன்று வண்டி போன பிறகு மோட்டார் ரூமைச் சுற்றிப் பார்த்தேன். நம் சாமான் எதையாவது சேர்த்து ஏற்றிவிட்டார்களா என்று. எல்லாம் வைத்தபடி இருந்தது, தரையைக்கூடக் கழுவி விட்டிருந்தார்கள். என்ன செய்ய, என் புத்தி அப்படி. வாய்க்கால் தண்ணீருக்கு இனி வேறு வழி பார்க்க வேண்டும்.

மத்தியானம் உங்கள் அண்ணன் வந்தார். காலி மோட்டார் ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது? நா அப்பவே சொன்னேன். சாகறப்பவும் ஏமாந்துதான் போயிருக்கறான்" என்றார். அவர் முன்னால் நான் என்றைக்கு வாய் திறந்திருக்கிறேன்?

"இல்லீங்க மாமா. கட்டுப்படியாகலீங்க, அவ்வளவுதானுங்க. அவரு ஏமாறலீங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊரிலும் இதையேதான் சொல்லப் போகிறேன், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும். அதெல்லாம் எனக்குப் பெரிய காரியமில்லை. நீங்கள் நம்பிய ஆள் நல்ல ஆள்தான் என்று உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. அதற்கு வழியில்லையே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.