விடை ஞாயிற்றுக்கிழமை

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். எதிர்வீடுகூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். துவைத்த துணி அடுப்பறைக் கொடியில்தான் இன்னும்.

அப்பா மட்டும் கோயிலுக்குப் போனார். வந்து சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார். அம்மா இந்த வாரமும் போகவில்லை.

செய்ய வேண்டியவை: லாட்ஜ் யூனிபார்ம் இஸ்திரி. தயிர். ஜெரால்டு போனுக்கு ரீசார்ஜ்.

கடைசியது அம்மா சொன்னது. இனி எதற்கும்மா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அடிச்சுட்டு இருக்கட்டும் கண்ணு. அணைச்சுப் போடாத." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தம்பி ஜெரால்டு போன மாதம் இறந்துவிட்டான். அவன் போன் இன்னும் சன்னலோரத்தில் டிங் டிங் என்கிறது. அந்தச் சத்தம் வந்தால் அவன் உள்ளறையில் இருக்கிற மாதிரி அவளுக்கு.

முதல் முறையாக அதைத் திறந்தேன். பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன்.

டிங் எல்லாம் ஒரே குரூப்பிலிருந்து. 'பழைய வண்டி, என்ன வண்டி?' சாப்பிடும்போது ஜெ. இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பான், பாதிதான் காதில் வாங்குவேன். ஒருவர் பழைய காரின் ஏதோ ஒரு துண்டை மட்டும் படம் எடுத்துப் போடுவார். கைப்பிடி, விளக்கு, மட்கார்டு வளைவு, இப்படி. மற்றவர்கள் வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். போட்டவர் 'சரி' என்று சொல்கிறவரை அடுத்த படம் கிடையாது. சரியாகச் சொன்னவருக்கு அடுத்த முறை. சேலம், ஈரோடு, தர்மபுரி ஆட்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

ஜெ. கடைசியாகப் போட்டது: துருப்பிடித்த ஒரு கொக்கி. பின்னால் பாசி பிடித்த தகரம். கீழே அவன் எழுத்து: 'இது எந்த வண்டியின் கொக்கி? விடை ஞாயிற்றுக்கிழமை.'

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சேலம் ஆஸ்பத்திரியில். காய்ச்சல் மூளைக்குப் போயிருந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். அதைத் தமிழில் அம்மா அப்பாவுக்குச் சொன்னது நான். வீட்டில் டிகிரி படித்தவள் நான் ஒருத்திதானே.

குரூப்பில் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் செய்திகள். பாதிப் பேர் ஜீப் என்கிறார்கள். ஒருவர் பால் வண்டி என்கிறார். ஈரோட்டு டாக்சிக்காரர் கோபி இன்று காலை: "ஏப்பா ஜெரால்டு, உசுரோட இருக்கியா இல்லையா? நாங்க ஜீப்புல ஆரம்பிச்சு ரோடு ரோலர் வரைக்கும் வந்துட்டோம்."

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'இருக்கேன்' என்று டைப் செய்தேன். ஏன் என்று தெரியவில்லை. விரல்தான் செய்தது.

உடனே டிங் டிங் டிங். அடுப்பறையிலிருந்து அம்மா: "யாரு கண்ணு?"

"அவன் கூட்டாளிங்கம்மா."

"ம்." கரண்டிச் சத்தம் தொடர்ந்தது.

ஜூலை 7, திங்கள்

தூறல் விட்டது. லாட்ஜில் கும்பல் இல்லை. பெங்களூர்க்காரர்கள் இரண்டு அறை, சுடுதண்ணீர் வரவில்லை என்று சண்டை. நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் வந்து பேசிவிட்டார். "நீ பேசறது உனக்கே கேக்குதா புள்ள?" என்றார் பிறகு.

மதியம் ஜெ. போனில் படங்கள் பார்த்தேன். ஆயிரம் இருக்கும். எல்லாம் வண்டி. கொக்கிப் படத்தின் முழுசும் இருந்தது. குரூப்புக்கு அதில் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறான். முழுப்படத்தில்: புதருக்குள் ஒரு கார், கூரையில் நீலத் தார்ப்பாய், பக்கத்தில் கோழி. என்ன கார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அம்பாசிடரும் ஜீப்பும்தான் தெரியும். இது இரண்டும் இல்லை.

அதற்கு முந்தின படத்தில் செம்மநத்தம் பஸ் ஸ்டாப்.

விடை தெரியாமல் 'இருக்கேன்' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு, பல்வலி என்று. செம்மநத்தம் பஸ். ஸ்டாப்பில் இறங்கி டீக்கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் பார்த்ததும் சிரித்தார். "இது பழனியம்மா கோழிக்கூடுங்க. கீழ இறங்கிப் போங்க, மெளகுக்கொடி தாண்டி."

பழனியம்மாவுக்கு அம்மா வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. என்னைப் பார்த்ததும் "ஏனுங்க, ஆரு வேணும்?" நான் காரைக் காட்டினேன்.

"அட, நீங்களுமா? ஒரு பையன் வருவானுங்க, ஏற்காட்டுப் பக்கம். வந்தா இதையே சுத்திச் சுத்திப் பாப்பான். எங்கூட்டுக்காரர் கேப்பாரு, பொண்ணு பாக்க வந்தயா தம்பி, கார் பாக்க வந்தயான்னு."

"என் தம்பிங்க அது."

"அப்படியா சாமி? அதான், மூக்கு அதே மூக்கு."

முட்டை எடுக்கும் நேரம். இரண்டு பக்கமும் கொக்கியைத் தட்டினார். காரின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் சாய்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எஞ்சின் இருந்த இடத்தில் வைக்கோல். நான்கு கோழிகள் முறைத்தன.

"எஸ்டேட் தொரையோட வண்டியாமா. எப்பவோ நின்னு போச்சுன்னு இங்க தள்ளி உட்டாங்க. நொம்ப வசதிங்க, மூடிட்டா நரி கிட்ட வராது. உங்க தம்பி மொத நாளு இதைத் தெறக்கறதப் பாத்துட்டுச் சின்னக் கொழந்தையாட்டம் கையத் தட்டுனான். ஏதோ பேரு சொன்னானுங்க... எரால்டு. எம்பேரு ஜெரால்டு, இதும்பேரு ஹெரால்டு, நாங்க அண்ணந்தம்பிங்கன்னு ஒரே சிரிப்பு."

பிறகு, "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டராதீங்கன்னு சொல்லிட்டுப் போனான். எங்க காணம் கொஞ்ச நாளா?"

"காய்ச்சலுங்க," என்றேன்.

பழனியம்மா என் முகத்தைப் பார்த்தார். தூக்கி நின்ற மூடியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல், மெதுவாக இறக்கினார்.

முட்டை கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. அம்மா முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை, குழம்பு வைத்தாள். அப்பா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

விடை கையில் இருக்கிறது. சொல்லவில்லை. சொன்னால் அவன் வைத்த கேள்வி முடிந்துவிடும். வேறு யாரோ வேறு ஒரு படம் போடுவார்கள். இப்போது அத்தனை பேரும் ஜெரால்டு ஜெரால்டு என்று அவனையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஒரு குளூ குடு தம்பி." "மலைக்காரன் அழுத்தக்காரன்யா." டிங். அம்மா அடுப்பறையில்.

சாயந்திரம் மாணிக்கம் ஐயாவிடமிருந்து குரல் செய்தி. சேலத்தில் பட்டறை வைத்திருந்தவர். டைப் செய்ய வராது, எல்லாமே பேசித்தான் அனுப்புவார். ஜெ. அவர் குரலில் பேசிக் காட்டுவான்.

"சாமி, கண்ணாடியத் தொடச்சுப்போட்டு இன்னொருக்காப் பாத்தேன். அது பானெட் கொக்கி. ஜீப்பு இல்ல. எரால்டு. அதுக்குத்தான் மூஞ்சி மொத்தமும் முன்னால சாயும், ரெண்டு பக்கமும் கொக்கி மாட்டோணும். ஏஞ்சாமி, உம்பேரையே விடையா வெச்சுட்டு எங்களுக்கு ஆட்டங் காட்டறியா?"

சிரிப்பு. இருமல். முடிந்தது.

மூன்று முறை கேட்டேன். 'தப்பு' என்று டைப் செய்தேன்.

ஜூலை 12, சனி

லாட்ஜ் நிறைந்துவிட்டது. சாவி மாற்றிக் கொடுத்துவிட்டேன், ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் அறையைத் திறந்துவிட்டது. மேனேஜர் திட்டவில்லை. தம்பி இறந்ததால் திட்டுவதில்லை. திட்டினால் தேவலை.

சாவி மாறியதற்குக் காரணம் காலையில் பார்த்த செய்திகள். கோபி: "மாணிக்கண்ணனுக்கு இனிமே மாட்டு வண்டி படம் போடுங்கப்பா." இன்னொருவர்: "அண்ணே, பட்டறைல ரிப்பேர் பாத்தீங்களா, டீ வாங்கிக் குடுத்தீங்களா?" எல்லோரும் சிரிக்கும் பொம்மைகள் போட்டிருந்தார்கள்.

பிறகு மாணிக்கம் ஐயா குரல். இருமல் இல்லை. மெதுவாக.

"பையன் தப்புன்னா தப்புத்தான். அவன் பொய் சொல்லமாட்டான். எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணி ஒரு மாசம் ஆவுது, நல்லாத் தெரியுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். கை வெச்சு வேலை பாத்த வண்டியே அடையாளந் தெரியலீன்னா இனி நா இங்க இருந்து என்ன பண்றது. நாளைக்கு வெளிய போயிக்கறேன். நீங்க நல்லா நடத்துங்க."

அவன் பொய் சொல்லமாட்டான்.

மதியம் துணி அறையில் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து 'சரி' என்று டைப் செய்து அழித்தேன். 'சரி' மட்டும் போட்டால் ஏன் முதலில் தப்பு என்றாய் என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி நடையில் ஒருமுறை சொன்னேனே, போதாதா. அப்பா நான் சொன்னது புரியாத மாதிரி, "டாக்டர் இங்கிலீசுல என்ன சொன்னாருன்னு இன்னொருக்காக் கேட்டுட்டு வா கண்ணு," என்றார். போய்க் கேட்டேன். அவர் அதையேதான் சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

மூட்டம். அம்மா இன்று கோயிலுக்குப் போனாள், அப்பாவோடு. வீட்டில் நான் மட்டும்.

மாணிக்கம் ஐயா இன்னும் குரூப்பை விட்டுப் போகவில்லை. அவரைக் கூப்பிட்டுப் பேசப் பின்கட்டில் பலாமரத்தடியில்தான் சிக்னல். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். தூறலில் நனைந்துவிட்டது.

முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"சொல்லு சாமி."

தாளைப் பிரித்தேன், எழுத்தெல்லாம் கலைந்திருந்தது.

"ஜெரால்டு? சிக்னல் இல்லையா?"

"நான் அவங்க அக்காங்க."

"அப்படியா கண்ணு. நல்லா இருக்கியா? தம்பிகிட்டக் குடு."

பலாமரத்தைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க சொன்னது சரிங்க. ஹெரால்டுதானுங்க."

"அப்பறம் ஏன் அவன் தப்புன்னான்?"

"அவன் சொல்லலீங்க. நான் சொன்னேன்."

பிறகு சொல்லிவிட்டேன். காய்ச்சல், சேலம், எல்லாம். இந்த முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில், யாரோ "ஆருங்க போன்ல?" என்று கேட்ட சத்தம்.

"மன்னிச்சுக்கோங்க," என்றேன். "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது."

"அதை உடு கண்ணு." பிறகு, "என்ற கண்ணு சரியா இருக்குதுன்னு சந்தோசப்படறதா, என்ன பண்றதுன்னு தெரியலியே," என்றார்.

வைத்த பிறகு குரூப்பில் எழுதினேன்: 'நான் ஜெரால்டின் அக்கா. ஜெரால்டு போன மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டான். இத்தனை நாள் எழுதியது நான். விடை ஹெரால்டு. மாணிக்கம் ஐயா சொன்னது சரி.'

எல்லோரும் பார்த்ததாகக் காட்டியது. ஒரு டிங் இல்லை. அம்மாவும் அப்பாவும் வந்து, காப்பி குடித்து, டம்ளர் கழுவிய பிறகுதான் முதல் செய்தி. கோபி. "அன்னிக்குப் போட்டத அழிச்சுட்டேனுங்க. தெரியாமப் போட்டுட்டேன். உசுரோட இருக்கியான்னு கேட்டுட்டனேங்க." பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவராக. கூப்பிய கைகள்.

கடைசியில் மாணிக்கம் ஐயா: "அடுத்த படம் நாந்தான் போடோணும். எனக்கு வேண்டாம். இத்தன நாளு பேசறோம், பையன் மொகத்தப் பாத்ததில்லை. அதைப் போடு கண்ணு."

ஜூலை 14, திங்கள்

லீவு போட்டேன். நல்ல வெயில்.

வீட்டில் இருப்பது பஸ் பாஸுக்கு எடுத்த படம். அதைத்தான் பெரிதாக்கி பிளெக்ஸ் அடித்தார்கள். அதில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதை அனுப்ப மாட்டேன்.

அவன் போனில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழ் வரை தேடினேன். அம்பாசிடர், பியட், ஜீப், யாருடையதோ கல்யாண ஊர்வலக் கார். ஏரிக்கரையில் நின்ற கறுப்புக் கார் ஒன்று, பளபளவென்று. அதன் வீல் கப்பை அருகில் போய் எடுத்திருக்கிறான். பெரிதாக்கினேன். வளைந்த வெள்ளியில் வானம், மரம், நடுவில் குந்தி உட்கார்ந்த ஒருவன். நீலச் சட்டை. முழங்கால்கள் பூதம் மாதிரி பெரிதாக. முகம் இருக்க வேண்டிய இடத்தில் போன்.

மற்ற படங்களிலும் பார்த்தேன். ஹெட்லைட்டில், கண்ணாடியில், பம்பரில். எல்லாவற்றிலும் இருக்கிறான். எல்லாவற்றிலும் முகத்துக்கு நேராகப் போன்.

அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். வீல் கப் படத்தைக் காட்டினேன். "இதுல யாருன்னு தெரியுதாம்மா?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன், நம்ம பையன்தான்."

"மொகமே தெரியலையேம்மா."

"மொகம் எதுக்கு? கைப் பட்டன் அந்து தொங்குது பாரு. தெச்சு வையின்னு குடுத்துட்டுப் போனான். அன்னிக்கு ராத்திரிதான் காய்ச்சல் வந்துச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம். நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி எங்கே என்று தேடுகிறாள்.