அம்மா அத்தையான கதை

ராயபுரம்

அன்பு மகள் பிரிஸ்காவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், என் முட்டிவலியும் சௌக்கியம். அந்தமானில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா, உன் பொண்ணு இன்னாதாம்மா படிக்குது என்று மறுபடியும் கேட்டாள். மானிடவியல், அதில் நாலு பிரிவு, உடம்பையும் எலும்பையும் பார்ப்பது ஒன்று, மண்ணைத் தோண்டிப் பழசை எடுப்பது ஒன்று, பேச்சை ஆராய்வது ஒன்று, சனங்களின் உறவையும் பழக்கத்தையும் பார்ப்பது ஒன்று என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தேன். யாரு யாருக்கு இன்னா முறைன்னு தெரிஞ்சிக்க ஒரு காலேஜா, எங்க வூட்டு நிக்காஹ்ல வந்து குந்திகினா போதுமே என்கிறாள். முதலில் நீ மண்டையோடு என்று பேசியபோது, மூலக்கொத்தளம் சுடுகாட்டுல வேலைக்குப் போவப்போறியா என்று உன் அப்பா பயந்தாரே. நல்லவேளை, உயிரோடு இருக்கிறவர்களின் பிரிவை எடுத்தாய்.

அதிலும் இப்போது ஒரு சிக்கல். அங்கே குடியேறிய தமிழர்கள் எப்படி முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதப் போனவள் நீ. தங்கியிருக்கிற வீட்டுக் கார்குழலியை வந்த புதிதில் அம்மா என்றாய். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். கொஞ்ச நாளாக அவர் அத்தை ஆகிவிட்டார். அவர் மகன் பகலவன் படகில் கூட்டிப்போனான், பகலவன் மீன் சுட்டான் என்று பேச்சுக்குப் பேச்சு பகலவன். அடியே, அம்மா மகன் என்றால் அண்ணன், அத்தை மகன் என்றால் மாப்பிள்ளை முறை, இது தெரிய நான் காலேஜுக்குப் போக வேண்டுமா? மனசுக்குப் பிடித்திருந்தால் என்னிடம் மறைக்காதே. என் பயமெல்லாம் உன் அப்பாதான். மாதா கோயில், ஞாயிறு பூசை என்று இருக்கிற மனுஷர், வேற்று மதத்துப் பையன் என்றால் வீட்டை ரெண்டாக்கிவிடுவார். நான் பக்குவமாகச் சொல்லும்வரை போனில் அந்த அம்மாளை அம்மா என்றே சொல்லித் தொலை. படிப்பையும் பாதியில் விடாதே.

கப்பலில் வேலை செய்யும் நெல்சனிடம் பார்சல் அனுப்புகிறேன். கடலுக்கு நடுவில் இருக்கிறவளுக்குக் கருவாடா என்று சிரிக்காதே, இது காசிமேட்டு நெத்திலி. அதற்கு அடியில்தான் இந்தக் கடிதத்தை ஒளித்துவைக்கப் போகிறேன்.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது உன் அப்பா பார்சலைக் கட்ட வந்தார். கையில் ஒரு புதுப் புடவை. யாருக்கு என்று கேட்டேன். இன்னா கேள்வி கேக்குற, புள்ளைக்கு அத்தைன்னா எனக்குத் தங்கச்சிதானே, தங்கச்சி வூட்டுக்குப் பொடவ இல்லாம வெறும் கருவாட்டயா அனுப்புவாங்க என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை, கயிற்றை மட்டும் இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இனி ஒளிப்பானேன், இந்தக் கடிதத்தை நெல்சன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

மாதா உன்னைக் காப்பாள். சிலுவை போட்டுக்கொண்டு படு. மேலே நான் எழுதியதை மறந்துவிடு, அத்தை என்றே கூப்பிடு.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா இருதயம்மாள்