கடைசி முப்பது படிவங்கள்

அன்புள்ள அண்ணா,

சூப்பர் மார்க்கெட் வந்தால் பயமா என்று சின்னக் கடைக்காரர்களிடம் கேட்டு இருநூறு படிவம் நிரப்ப வேண்டும். வணிகக் கல்லூரியில் பேராசிரியர் எனக்குக் கொடுத்த ஆராய்ச்சி அதுதான். போன இடமெல்லாம், "வியாபார நேரத்துல தொந்தரவு பண்ணாதம்மா" என்று விரட்டினார்கள். நம் தெருவுக்கான கடைசி முப்பதையும் கேன்டீனில் உட்கார்ந்து நானே நிரப்பினேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அதைக் காட்டித்தான் நம் தெருமுனையில் சூப்பர் மார்க்கெட் திறக்க அனுமதி வாங்கியிருக்கிறார்கள். பேராசிரியர் அடுத்த ஆராய்ச்சிக்கும் என்னையே கூப்பிடுகிறார்.

"எங்களுக்குப் பயமில்லன்னு யாரும்மா சொன்னது? இங்க ஒருத்தரும் வந்து கேக்கலையே" என்றாய் நேற்று போனில். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உன் கடை எப்படிப் போகிறது என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஒரு கவலையும் இல்ல, நீ படி" என்பாய். முப்பதிலும் அதைத்தான் எழுதினேன்.

உன் தங்கை