பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்

குமுளி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள டின்சி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். வலது சட்டைக் கையை முழங்கை வரை மடக்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். நீங்கள் உங்கள் அக்காவுக்கென்று கொண்டுபோன சுவரொட்டிக் கறிப் பொட்டலம் அவர்கள் ஃப்ரிட்ஜில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். பிரிக்க வேண்டாம். நாய்க்குப் போட வேண்டாம். நீங்களாகப் புதைக்கவும் வேண்டாம். எடுத்துப் போக மிருகாஸ்பத்திரி ஆட்கள் வருவார்கள். ஏற்கெனவே அரிந்திருந்தால், அரிந்தது யார், எந்தக் கத்தி, எந்தப் பலகை என்று அவர்களிடம் சொல்லுங்கள். அக்கா அரிந்திருந்தால் அவர்களும் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

புதன்கிழமை, டாக்டரிடம் காட்டச் சொன்னதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டு சின்னக்கானலுக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பியதிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அக்காவின் போனும் கிடைக்கவில்லை. அதனால்தான் பூப்பாறைக்கு ஜீப்பில் சரக்கு ஏற்றிப் போகிற ஜிபின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். எஸ்டேட் லயத்து வாசல் வரை வந்து உங்கள் கையிலேயே தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் கொட்டில் சங்கையா பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நேற்று விடிகாலையில் காய்ச்சல் ஏறிப் பிதற்றத் தொடங்கியதும் அவர் வீட்டார் ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். விரலில் இருந்த கொப்புளம் நடுவில் கறுத்து, முழங்கை வரை வீங்கிவிட்டது. என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மாடு வெட்டுகிறவர் என்று சொன்னதும் கட்டிலைத் தனியாக இழுத்துப் போட்டார்களாம். ஊரில் அடைப்பான் என்பார்களே, அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். ஆந்த்ராக்ஸ். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

அவரைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். தெளிவு வந்த நேரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, “மொதலாளி கைக்கு என்னம்மா ஆச்சு?”

உங்கள் மணிக்கட்டுக்கு மேலே இருப்பது கயிறு உராய்ந்த காயம் என்றீர்கள். நான் நம்பவில்லை. கயிறு உராய்ந்தவர் வீட்டுக்குள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார மாட்டார். வலியே இல்லை, இதற்கு எதற்கு டாக்டர் என்றீர்கள். வலிக்காமல் இருப்பதுதான் அதன் அடையாளமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் செவலைப் பசு என் கண்ணிலேயே நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மிருக டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு, கடைசி வண்டியில் கம்பத்திலிருந்து ஏறி வந்தது. காதில் துளை இருந்தது, அடையாள வில்லை இல்லை. எண் இல்லாமல் என்ன எழுதுவது என்று கேட்டேன். வழியில் அறுந்திருக்கும், நம்ம கூட்டாளி அனுப்பிய மாடுதானே என்றீர்கள். இறங்கியதுமே முன்காலை மடக்கிப் படுத்துவிட்டது. அது தானாகச் செத்தால் நமக்கு நட்டம், சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் சொல்லவும் வேண்டும். அதனால் உயிர் இருக்கும்போதே கத்தி வைத்தீர்கள். ரத்தம் உறையாமல் கால்வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அதிகம் குடித்த மாடு என்று யாரோ சொன்னார்கள்.

நம் அறுப்புக் கொட்டிலில் முதல் கத்தி வைத்தவருக்குச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், பங்கு. டாக்டர் வந்து ஈரல், நுரையீரல் எல்லாம் பார்ப்பதற்குள் அது பையில் ஏறிவிடும். அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அன்றைக்குச் சங்கையா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறதா? “மொதலாளி, யோகம்லா ஒங்களுக்கு! ரெண்டு மாட்டுக்குள்ளத இந்த ஒரு பசு வச்சிருக்கு. மலைக்கார அக்காளுக்கு ஒரு வருசத்து ரத்தம் ஊறிரும்!” நீங்களும் சிரித்தீர்கள். அக்காவுக்கு ரத்தக் குறைவு என்று உங்களுக்கு எப்போதும் கவலை. பதிவேட்டில் மண்ணீரல் என்ற கட்டத்துக்கு நேரே என்ன போட என்றேன். “நார்மல்னு போடு” என்றீர்கள்.

அந்த நோயில் முதலில் வீங்கிக் கறுப்பது மண்ணீரல்தானாம். பார்க்க வேண்டிய ஒரே உறுப்பைத்தான் நாம் பங்கு வைத்துக்கொண்டோம்.

இனி சொல்லப்போவதற்கு உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மிருகாஸ்பத்திரிக்குப் போய்த் தகவல் கொடுத்துவிட்டேன். எதையும் ருசு இல்லாமல் நம்பமாட்டேன் என்று என்னைக் கேலி செய்வீர்களே. ருசு வரும்வரை காத்திருக்கக் கூடாது, சந்தேகம் வந்தாலே அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் லைசன்ஸுக்கு நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனை. வில்லை இல்லாததைச் சொன்னேன். படுத்த மாட்டை வெட்டியதைச் சொன்னேன். நார்மல் என்பதை அடித்துவிட்டுச் சங்கையா சொன்னதை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கியவர்களில் நினைவுக்கு வந்த பெயர்களையெல்லாம் கொடுத்தேன். உங்கள் தம்பி ஜோபி வீடும் அதில் உண்டு.

நடத்துபவர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. படித்தவள் பெயரில் லைசன்ஸ் இருக்கட்டும் என்று நீங்கள்தானே எடுத்தீர்கள்? விசாரணை வந்தால் என்னிடம் வரட்டும். நீங்கள் ஒளிவதற்குக் காரணமே இல்லை.

மிருக டாக்டர் ஸ்ரீலேகா கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். திட்டுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். “அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். ஒங்க ஆத்துக்காரர் எங்கே? அவர் கையை யாராவது பாத்தாளோ?” என்றார்.

கொட்டிலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். சுற்றிலும் சுண்ணாம்பு. ஆட்டோவில் மைக் கட்டி, அந்தக் கறியைக் கையாண்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்படி அறிவித்துக்கொண்டே போனார்கள். பேர் சொல்லவில்லை, ஆனால் சந்தை முழுக்க நம் வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தது. ஜோபி வாசலில் நின்று கத்தினான். “படிச்சு என்ன பிரயோஜனம் மதினி? கட்டுன புருசனையே காட்டிக் குடுத்துட்டீங்களே!” பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்று மட்டும் சொன்னேன். திட்டிக்கொண்டே போனான். போனானே, அது போதும்.

டின்சி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா எங்கே என்றாள். அத்தை வீட்டில் இருக்கிறார், ரேஞ்சு இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் பிள்ளைதானே.

தொடக்கத்திலேயே வந்தால் மருந்தில் ஆறிவிடும் என்கிறார்கள். காய்ச்சல் வந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அது வருவதற்குள் அவரை வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அவர் சொல்லாமல் விட்டதை நான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொப்புளத்தைக் கிள்ள வேண்டாம், பிதுக்க வேண்டாம். அக்கா பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தால் நீங்களே அவிழ்த்துப் பார்க்காதீர்கள், அப்படியே வாருங்கள். இந்தக் கடிதத்தை முதலில் வரும் ஆஸ்பத்திரியில் நீட்டுங்கள். நீங்கள் வாய் திறந்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, எல்லாம் நான் எழுதியிருக்கிறேன்.

செபமாலை சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்பார்கள் அக்கா. ஜீப்பில் உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள். எனக்காகவும் சேர்த்துச் சொல்லட்டும். நான் இதுவரை கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

ஜிபினிடம் பதில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டாம். திரும்பும்போது சரக்கு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பக்கத்து இருக்கை உங்களுக்கு. என்னைத் திட்டுவதற்காகவாவது வந்துவிடுங்கள்.

வாசல் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
ஜெசிந்தா