ஊழியம்னு எழுதாதீங்க

பல் வைத்தியர் வாசலில் நேற்று பினாயில் தெளித்திருந்தார்கள். அந்த வாடையில் பல்வலியே மறந்துவிட்டது எனக்கு. உன்னைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அதே வாடை அடித்த தஞ்சாவூர் மிஷன் கல்லூரித் தாழ்வாரத்துக்கு என்னை இழுத்துப் போய்விட்டாயடி.

நீடாமங்கலத்தில் நாம் ஏறிய பஸ் நின்று நின்றுதான் போனது. நடவுக் கூலித் தகராறு. வழியெல்லாம் போலீஸ். உன் அப்பா சங்கக் கொடி பிடித்துப் பண்ணையை விட்டு வெளியேறிய வருஷம்.

புதிதாக ஆரம்பித்த ஆனர்ஸ் வகுப்பு. விடுதிச் செலவோடு படிப்புக்கான உபகாரச் சம்பளம் ஒரே ஒருத்திக்குத்தான். கிடைக்காவிட்டால் நீ நடவுக்குப் போக வேண்டும், நான் கல்யாணத்துக்கு. எது மோசம் என்று தாழ்வாரத்திலேயே சண்டை போட்டோம்.

இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிட்டார்கள். முதல்வர் அம்மாள் என்னிடம் இங்கிலீஷில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டார். "ஈட்டிங்" என்றேன். அம்மாள் சிரிக்கவில்லை. உன் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பா ஊழியத்துல இருக்காரா?"

எங்கள் வீட்டில் ஊழியம் என்றால் வேதபுத்தகத்தோடு ஊர் ஊராகப் போவது. என் அப்பா உபதேசியார். உங்கள் வீட்டில் அது பண்ணை வாசலில் கைகட்டி நிற்பது.

"இருந்தாங்கம்மா. போன தையோட விட்டுட்டாங்க."

"விட்டுட்டாரா! ஏன்?"

"கட்டி வச்சு அடிச்சாங்கம்மா."

அம்மாளின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன். "ஏண்டி மிதிக்கிற?" என்றாய், தாழ்வாரம் வரை கேட்கும்படி.

"அவ சொல்றது பண்ணை ஊழியம்மா" என்று உளறினேன்.

அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த உதவி திருச்சபை ஊழியர் பிள்ளைங்களுக்குத்தான்மா. ஒண்ணு செய். அப்பாவ நாளைக்கே கோயில் தோட்டத்துக்கு வரச் சொல்லு. தோட்டம் கொத்தறதும் ஊழியந்தான். அப்படியே எழுதிக்கிறேன்."

நல்ல மனுஷி. பேனாவைத் திறந்தும் விட்டார். தலையை ஆட்டுடி, ஆட்டுடி என்று உள்ளுக்குள் ஜெபம் செய்தேன்.

"வருவாங்கம்மா. தோட்டம் கொத்துவாங்க. கூலின்னு எழுதுங்க. ஊழியம்னு எழுதாதீங்க."

"கூலின்னு எழுதினா உபகாரச் சம்பளம் வராதும்மா."

"தெரியுதும்மா."

இந்த முறை மேசைக்கடியில் நீதான் என் காலை மிதித்தாய், நான் வாயைத் திறக்காதபடி.

சம்பளம் எனக்கு வந்தது. ஊழியத்தின் அசல் விளைச்சல் அல்லவா நான்! அன்று ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் அம்மா ஓடிவந்தார்.

"சம்பளம் குடுத்தாங்களா?"

"குடுக்கறேன்னாங்க. பதிலுக்கு அப்பாவக் கேட்டாங்க."

உன் அம்மா உன் முகத்தையே பார்த்தார். உன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மறுநாள் நீ நாற்றுக்கட்டு சுமந்தாய்.

பின்னால் பயிற்சி முடித்துக் கோடியக்கரைப் பக்கம் டீச்சரானாய். "மகத்தான சேவை" என்று மேடையில் புகழ்ந்தவரை, "சம்பளம் வாங்கறேங்க" என்று அங்கேயே திருத்தினாயாமே. ஊர்க்கதை எல்லாம் எனக்கு வந்துவிடும்.

இப்போது மேடையேறி ஜனங்களைச் சிரிக்கவைக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். "ஒரு சேவையா நெனச்சு வந்து பேசுங்கம்மா" என்கிறார்கள். "கூலி என்ன?" என்று கேட்கிறேன். நகைச்சுவை என்று நினைத்து அவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்காமல் காத்திருக்கிறேன்.